போனி கிளப்

போனி கிளப் என்பது சிறுவர் சிறுமியருக்கும் இளைஞர்களுக்கும் குதிரையேற்றத்தையும் குதிரைப் பராமரிப்பையும் கற்பிக்கும் பிரிட்டிஷ் அமைப்பு. 1929இல் தொடங்கப்பட்டது. 25 வயது வரை உறுப்பினராக இருக்கலாம். போனி எனப்படும் மட்டக்குதிரை பொதுவாக 14 கை 2 அங்குல உயரத்துக்கு மேற்படாதது. ஒரு கை 4 அங்குலம் என்பதால், தரையிலிருந்து தோள்மேடு வரை 58 அங்குலம் என்று கொள்ளலாம்.

தோற்றம்

முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் சாலைகளிலும் ராணுவத்திலும் குதிரைகளின் இடத்தை மோட்டார் வாகனங்கள் பிடித்தன. குதிரையேற்றக் கலையைப் பேணி வளர்க்க 1925இல் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் த ஹார்ஸ்' உருவானது. அதன் இளையோர் பிரிவாக 1929 நவம்பரில் போனி கிளப் பிறந்தது.

நரி வேட்டைக் குழுக்களை ஒட்டியே கிளைகள் அமைந்தன. ஒவ்வொரு குழுவுக்கும் எல்லை வகுத்த நிலப்பரப்பும், குதிரை வளர்க்கும் குடும்பங்களும், சவாரிக்கு வயல்வெளிகளும் ஏற்கெனவே இருந்தன. இந்த ஏற்பாட்டால் கிளைகள் விரைவாகப் பெருகின. ஆனால் சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே இடம் குறைவாகவே இருந்தது. 1947இல் தாய் அமைப்பு வேறோர் அமைப்புடன் இணைந்து பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி ஆனபோது, போனி கிளப்பும் அதன்கீழ் வந்தது.

தகுதித் தேர்வுகள்

வயதை வைத்தல்ல, தேர்வுகளை வைத்தே உறுப்பினரின் நிலை தீர்மானிக்கப்படுகிறது. தொடக்க நிலைகளிலிருந்து 'டி', 'சி', 'பி' என ஏறி 'ஏ' நிலையை எட்ட வேண்டும். சவாரித் திறன் மட்டும் போதாது. தீனி வைத்தல், உடம்பைத் தேய்த்துத் துலக்குதல், லாயத்தைச் சுத்தம் செய்தல், சேணத்தையும் கடிவாளத்தையும் பேணுதல், குளம்பையும் லாடத்தையும் கவனித்தல், நோய்க்குறி அறிதல் ஆகியவையும் பாடத்தில் உண்டு. 1950இல் வெளிவந்த 'மேனுவல் ஆஃப் ஹார்ஸ்மன்ஷிப்' இதற்கான கையேடு.

பயிற்சித் துறைகள்

ஒலிம்பிக்கில் உள்ள மூன்று துறைகளும் இங்கே கற்பிக்கப்படுகின்றன. டிரெசாஜில் நடை, ஓட்டம், திருப்பம் ஆகியவற்றின் ஒழுங்கு மதிப்பிடப்படுகிறது. ஷோ ஜம்பிங்கில் களத்தில் வைத்த தடைகளை வீழ்த்தாமல் தாண்ட வேண்டும். ஈவென்டிங் இவ்விரண்டோடு திறந்தவெளித் தடையோட்டத்தையும் சேர்த்தது. குதிரைப்படையினருக்கான சோதனையிலிருந்து வளர்ந்தது.

பிற துறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேவையை ஒட்டிச் சேர்ந்தன. விலையுயர்ந்த குதிரை வாங்க இயலாத பிள்ளைகளும் பங்கேற்கும்படி ஒரு போட்டி வேண்டும் என இளவரசர் பிலிப் கேட்டுக்கொண்டார். போரில் காயமுற்றுப் பார்வையிழந்தவரும் 'ஹார்ஸ் ஆஃப் த இயர் ஷோ'வின் இயக்குநருமான கர்னல் மைக் ஆன்செல் அதற்கு வடிவம் தந்தார். இவ்வாறு 1957இல் இளவரசர் பிலிப் கோப்பைக்கான குதிரை விளையாட்டுகள் தொடங்கின. கம்பங்களுக்கிடையே வளைந்து ஓடுவது, கொடியைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது, ஓடும் குதிரையிலிருந்து குதித்து மீண்டும் ஏறுவது என வேகமும் சாமர்த்தியமும் கலந்த தொடரோட்டங்கள் இவை. இங்கே பரம்பரை உயர்ந்த குதிரையைவிட, சொன்னபடி நிற்கவும் திரும்பவும் தெரிந்த மட்டக்குதிரையே வெல்லும். இறுதிச் சுற்று அந்த 'ஷோ'விலேயே நடந்துவருகிறது.

போலோ 1959இல் சேர்ந்தது. கிளப்பில் பையன்களின் ஆர்வத்தைத் தக்கவைக்கும் நோக்குடன் 1969இல் டெட்ராத்லான் வந்தது: துப்பாக்கிச் சுடுதல், நீச்சல், ஓட்டம், சவாரி ஆகிய நான்கும் ஒரே போட்டியில் அடங்கும். சிறுமியருக்கான போட்டிகள் பின்னர் சேர்ந்தன. நுனியில் வலை கட்டிய கோலால் குதிரைமீதிருந்தபடி பந்தை அள்ளி வீசும் போலோகிராஸ், 1930களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் உருவாகி இங்கு வந்தது.

பரவலும் மாற்றங்களும்

கனடாவில் 1934இலும் ஆஸ்திரேலியாவில் 1939இலும் போனி கிளப்புகள் தோன்றின. அமெரிக்காவில் 1954இல் தனி அமைப்பு நிறுவப்பட்டது. பிரிட்டனில் கிளப்பில் பயின்ற இளவரசி ஆன், 1971இல் ஐரோப்பிய ஈவென்டிங் பட்டம் வென்று, 1976இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் பங்கேற்றார்.

1997இல் போனி கிளப் தனி அறக்கட்டளை ஆனது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதைத் தடுக்கும் சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தபோதும், பல கிளைகள் பழைய வேட்டைக் குழுப் பெயர்களையே வைத்திருக்கின்றன. சேர்க்கை முறைதான் பெரிதும் மாறியுள்ளது: சவாரிப் பள்ளிகளும் இன்று போனி கிளப் மையங்களாக இயங்குவதால், சொந்தக் குதிரை இல்லாதவர்களும் பள்ளிக் குதிரையில் பயின்று தகுதித் தேர்வுகளை எழுதலாம்.