மணித்தியாலக் கணக்கு

இம்மலருக்காகப் பழைய மாணவிகளின் விபரங்களைத் திரட்டியபோது, சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலையை விட்டுச் சென்ற தங்கை ஒருவரின் படிவம் எம் கைக்கு வந்தது. 'தொழில்' என்ற கட்டத்தில் அவர், "வர்த்தக விமானி, 214 மணித்தியாலங்கள்" என எழுதியிருந்தார். எந்த விமான நிறுவனத்திலும் அவர் இன்னும் சேரவில்லை. இதைத் தொழிலாகப் பதியலாமா என்ற கேள்வி மலர்க்குழுவில் எழுந்தது. விடை தேடிப் பெண் விமானிகளின் வரலாற்றைப் படித்தோம். படித்ததில் சிலவற்றை இங்கே தருகின்றோம்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நியமப்படி, வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற 200 மணித்தியாலங்கள் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிநெறி ஒன்றைப் பயின்றவருக்கு 150 போதும். பெரிய பயணிகள் விமானத்தின் கப்டனாவதற்குரிய அனுமதிப்பத்திரத்துக்கோ 1,500 தேவை. விமானம் புறப்படுவதற்காக அசையத் தொடங்கும் கணத்திலிருந்து, பறப்பு முடிந்து நிற்கும் கணம்வரை எண்ணப்பட்டு, ஒவ்வொரு பறப்பும் பதிவேட்டில் ஏறும். துணை விமானியாக எடுப்பார் இல்லாதவிடத்து, புதிய விமானி பிறருக்குப் பறக்கக் கற்பித்தோ, வயல்களுக்கு மருந்து தெளித்தோ, விளம்பரப் பதாகை இழுத்தோ மணித்தியாலம் சேர்க்க வேண்டும். இல்லையேல் சொந்தப் பணத்தில் விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆனால் கணக்கைச் சேர்க்கும் வாய்ப்பு ஒன்றாக இருந்ததில்லை. 1924 இல், சர்வதேச வான்பயண ஆணைக்குழு பொதுப் போக்குவரத்து விமானங்களின் பணிக்குழுவில் பெண்களைச் சேர்ப்பதைத் தடைசெய்தது. அயர்லாந்தில் பிறந்தவரும் பின்னாளில் லேடி ஹீத் என அறியப்பட்டவருமான சோஃபி எலியட் லின் அதனை எதிர்த்து வாதாடினார். 1926 இல் தடை நீங்கியது. எனினும் சட்டம் திறந்த கதவை நிறுவனங்கள் திறக்கவில்லை. அயல்நாடான இந்தியாவில் பிரேம் மாத்தூர், பல நிறுவனங்கள் மறுத்த பின்னரே ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸில் இடம் பெற்றார்.

எம்மை மிகவும் நெகிழவைத்தது ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த எமிலி ஹவல் வார்னரின் கதை. கடையொன்றில் வேலை செய்துகொண்டே, தமது சிறிய சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் பறக்கக் கற்றவர் அவர். பின் பயிற்றுநராகி, ஆண்டுக்கணக்காகப் பிறருக்குக் கற்பித்தார். அவரிடம் கற்ற ஆண்கள், அவருடையதிலும் மிகக் குறைந்த மணித்தியாலங்களுடன் விமான நிறுவனங்களில் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்தார்கள். ஆசிரியையின் விண்ணப்பம் மட்டும் பல ஆண்டுகள் கிடப்பிலே கிடந்தது. 1973 ஜனவரியில் ஃபிரொன்டியர் நிறுவனம் அவரை ஏற்றபோது அவரது பதிவேட்டில் சுமார் 7,000 மணித்தியாலங்கள் இருந்தன. மூன்றே ஆண்டுகளில் அவர் கப்டனானார். அவரது சீருடை இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான், விண்வெளி நூதனசாலையில் இருக்கிறது.

எண்ணிக்கை ஒன்றே விமானியை உருவாக்கிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். 2009 பெப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கொல்கன் நிறுவன விமானமொன்று வீழ்ந்து 50 பேர் உயிரிழந்தனர். அதன் பின், அமெரிக்காவில் துணை விமானிகளுக்கும் பொதுவாக 1,500 மணித்தியாலங்கள் வேண்டும் என 2013 இல் விதிக்கப்பட்டது. ஆனால், வீழ்ந்த விமானத்தை ஓட்டிய இருவருமே அதைவிடக் கூடுதலாகப் பறந்தவர்கள். பறந்த நேரத்துக்குள் என்ன கற்றுக்கொண்டோம் என்பதே முக்கியம் எனப் பல பயிற்றுநர்கள் வாதிடுவது இதனாற்றான். காலைக் காற்று, குறுக்குக் காற்று, இரவுத் தரையிறக்கம், மேகம் கண்டு திரும்பிவந்த நாள் ஆகிய யாவும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

எமது காலத்தில் 'டொக்டர், ரீச்சர், கிளாக்கர்' என்றால் ஊருக்கு விளங்கும். அனுமதிப்பத்திரம் பெற்றும் காத்திருக்கும் பெண்ணிடமோ, "இன்னும் வேலை கிடைக்கேல்லையோ பிள்ளை?" என்றுதான் கேட்கிறோம். அவளோ அந்தக் காலத்தில், ஒரு மணித்தியாலத்துக்கான பணத்தைச் சேர்த்துக்கொண்டோ, சிறு விமானத்தின் வலப்பக்க ஆசனத்திலிருந்து இன்னொருவருக்குக் கற்பித்துக்கொண்டோ இருப்பாள். வார்னர் அம்மையார் பல ஆண்டுகள் செய்ததும் இதையே. அப்போது அவரை விமானி அல்ல என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே தங்கையின் படிவத்தில் எதையும் மாற்றாமல், அவர் எழுதியபடியே பதிந்திருக்கிறோம். மலர் உங்கள் கைகளுக்கு வரும்போது அந்த எண் கூடியிருக்கும். உலகின் எந்த மூலையிலேனும் விமானத்துறையோடு தொடர்புள்ள பழைய மாணவிகள் இதை வாசிப்பீர்களாயின், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். இன்னும் சில மணித்தியாலங்களைச் சேர்க்க அவருக்கு நீங்கள் வழிகாட்டக்கூடும்.