கால்சட்டைக் கோயில்

வேதத்தில் பிறந்து, வேதத்திலே வளர்ந்து, நாற்பது வயதுக்கு மேல் கோயில் வாசலை மிதிக்காமல் இருக்கிற சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. சுந்தரபாண்டியத்துக்காரர். காரணம் கேட்டேன். "சாமியோடு எனக்குச் சண்டை கிடையாது, சாமியாரோடும் கிடையாது. பக்கத்தில் முழங்கால் போடுகிறாரே, அவரோடுதான்" என்றார். மேற்கொண்டு பேச மறுத்துவிட்டார்.

ஐரோப்பாவில் கத்தோலிக்கர்கள் கோயிலை விட்டு விலகியதற்குப் பண்டிதர்கள் பல காரணம் சொல்வார்கள்: பிரெஞ்சுப் புரட்சி, டார்வின், தொழிற்சாலை, பட்டணவாசம். நம் சீமையில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறித் தெற்கே போனால் போதும்.

போகிற வழியில், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இருக்கிறது கழுகுமலை. அங்கே தேரோடும் வீதிகளில் நாடார்களின் ஊர்வலம் போகக்கூடாது என்று தடை இருந்தது. மனம் கசந்து அவர்களில் பலர் கத்தோலிக்கர் ஆனார்கள். தேர் வீதியிலேயே ஒரு கட்டடத்தை வாங்கி ஜெபாலயம் ஆக்கினார்கள். 1895 பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது, ஜெபாலயத்தின் முன்னால் போட்டிருந்த பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்று கலகம் மூண்டு உயிர்கள் போயின. வேதத்தைப் படித்து மனம் மாறினவர் எத்தனை பேர், வீதியில் நடக்க வேண்டுமென்று மாறினவர் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்துக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. நிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஆசையும் ஒருவகை பக்திதான் என்பது என் அபிப்பிராயம். வந்தவன் எதற்காக வந்தான் என்று தெரிந்தால், போகிறவன் ஏன் போகிறான் என்பது பாதி விளங்கிவிடும்.

நிமிர்ந்து நடக்க இடம் கேட்டு வந்தவனுக்குக் கோயிலுக்குள்ளே என்ன கிடைத்தது? இது பழைய கதை. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, மரக்கறி உண்டு, தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு மேல்சாதிக்காரர்களைத் தேடிப் போனார். சாதி வேறு, சமயம் வேறு என்பது அவர் கட்சி. அது ஒரு தந்திரமாக ஆரம்பித்து ஏற்பாடாகவே நிலைத்துவிட்டது. தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்கள் என்ற சேசு சபையாரின் யோசனையை 1744-இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்டே ஒப்புக்கொண்டார். குருவே தனியானால் கோயிலில் சுவர் எழும்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எழும்பியது. திருநெல்வேலியையும் நாங்குநேரியையும் தாண்டினால் வடக்கன்குளம். அங்கே 1872-இல் கட்டிய கோயிலை ஜனங்கள் கால்சட்டைக் கோயில் என்பார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்களாக இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வேளாளர் முதலிய மேல்சாதிக் கத்தோலிக்கர், மற்றதில் நாடார்கள். பீடத்தில் நிற்கிற குருவானவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இவர்களுக்கு அவர்களும், அவர்களுக்கு இவர்களும் தெரியமாட்டார்கள். பூசை ஒன்று, நற்கருணை ஒன்று, நடுவே சுவர். யோசித்துக் கட்டின கொத்தனார் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை.

1910-இல் கௌசானல் என்ற பிரெஞ்சுச் சேசு சபைக் குரு அந்தச் சுவரை இடித்தார். வேளாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். தங்கள் பக்கம் தங்களுக்கே உரியது என்று வழக்காடினார்கள். வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டு வரை ஏறிற்று. கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்ட பிறகு கோயிலுக்குள் சாதியை உரிமையாகக் கேட்க முடியாது என்று தோற்றது. கோபித்துக்கொண்டு தாய்மதத்துக்கே திரும்பினவர்களும் உண்டு என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். திரித்துவத்தில் சந்தேகம் வந்து அவர்கள் போகவில்லை. சுவர் போனதால் போனார்கள்.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் சூட்டியபோது, 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை விட்டுவிட்டார்கள். இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

சுவர் இடிந்ததால் போனவர்கள் ஒரு வகை. இடியாததால் போகிறவர்கள் இன்னொரு வகை. என் அனுதாபம் இவர்களிடம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரை எதிர்த்து 2010-இல் கூடப் போராட்டம் நடந்தது. செத்த பிறகும் பந்தி வேறு! கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பாகுபாடு இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016-இல் அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த வகையினருக்குச் சர்க்கார் பங்குக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, வெளியே போவதற்கு. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி இந்துக்கள் மட்டுமே தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர முடிந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இல்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர், தம்மைப் போன்ற தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மட்டும் கிடைக்காததற்காக சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். கிறிஸ்தவர் ஆன பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சாட்சியம் இல்லை என்று 1985-இல் தீர்ப்பாயிற்று. தையலூசி மதம் பார்த்துக் குத்துமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர். தாலுகா ஆபீசுக்கு மாரிமுத்து. பங்குச் சாமியாருக்கு மரியதாஸ். இப்படி இரட்டைப் பெயரோடு வாழ்கிறவன் ஒருநாள் களைத்துப்போய் இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறான். எதை விடுவான் என்பது பிள்ளையின் காலேஜ் சீட்டைப் பொறுத்தது. விடாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளவும் இனி வழியில்லை. குழந்தையிலே ஞானஸ்நானம் பெற்று, கோயிலுக்கும் போய்க்கொண்டு, குமாஸ்தா வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருத்தியின் மனுவை 2024 நவம்பர் 26-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றார்கள் நீதிபதிகள். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனதே அவளுக்கு எதிரான சாட்சியம் ஆயிற்று.