கரிசற்காட்டில் சேதி சென்ற வழிகள்

விளாத்திகுளத்திலிருந்து எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும், பார்வையைத் தடுக்கும் மலையோ பெருவனமோ இன்றி, பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் கரிசற் சமபூமி அடிவானம் வரை விரிந்து கிடக்கும் என்பது அப்பக்கம் பிரயாணம் செய்தோர் அனைவரும் அறிந்ததே. இத்தகைய வெளியில், ஒரு காட்டில் வேலை செய்யும் சம்சாரி அடுத்த காட்டிலிருப்பவனை அழைக்க வேண்டுமானால் கையைக் குவித்துக் கூவினான். ஊர் முழுவதற்கும் அறிவிக்க வேண்டுமானால் தமுக்கு அடிக்கச் செய்தார்கள். அதற்கும் அப்பாற்பட்ட தூரத்துக்கு, பாளையக்காரனாக இருந்தாலொழிய, ஆள் அனுப்புவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

பாளையக்காரன் ஒருவன் செய்த ஏற்பாடு இப்பிரதேசத்தில் இன்றும் கர்ணபரம்பரையாக வழங்குகிறது. திருச்செந்தூர் முருகனுக்கு நைவேத்தியம் ஆன பிறகே அன்னத்தில் கை வைப்பது என்னும் நியமம் பூண்டிருந்த வீரபாண்டிய கட்டபொம்மன், அந்த க்ஷேத்திரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 50 கி.மீ. தூரத்தில், ஒன்றன் ஒலி மற்றொன்றுக்கு எட்டும்படியாக மணிமண்டபங்களைக் கட்டுவித்தான் என்றும், கோயிலில் எழுந்த மணியோசை மண்டபம் மண்டபமாகக் கைமாறி அரண்மனையை அடைந்தது என்றும் கூறுவர். பக்தியின் பொருட்டுச் சொல்லப்படும் இக்கதையை யந்திர சாஸ்திரத்தின் கண்கொண்டு நோக்குவதில் அபசாரம் ஏதுமில்லை. வலுவிழந்து வரும் ஒலியை இடையில் ஒருவன் கேட்டு, அதே சேதியைப் புதுவலிமையுடன் மேலே செலுத்துவது, இன்று உயர்ந்த கோபுரத்தில் நிறுத்தப்படும் ரிப்பீட்டர் செய்யும் காரியமே அன்றோ! ஆயினும் அம்மணிக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். நைவேத்தியம் ஆயிற்று என்று மட்டுமே சொல்லக் கற்றிருந்த நா, கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மன் படையுடன் வருகிறான் என்று சொல்லியிருக்க முடியாது. மறுமொழி கேட்கவும் அதனால் இயலாது. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அவன் பக்கம் நின்ற நாகலாபுரம், கடல்குடி, குளத்தூர் முதலிய பாளையங்களும் கும்பினியாரால் பறிமுதல் செய்யப்பட்டன.

அதன்பின் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதையும் தந்திக் கம்பியும் வந்தன. கோவில்பட்டி நூற்பாலைகளின் சங்கு, ஷிஃப்ட் மாறும் வேளையைச் சுற்றுக் கிராமங்களுக்கு அறிவித்தது. கம்பி வேண்டாத கருவியோ வெகுகாலம் ஜனங்களின் கைக்கு எட்டவில்லை. லைசென்ஸ் இன்றி அதை வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் விதித்திருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கச் சேனைக்காக, பின்னாளில் மோட்டோரோலா எனப் பெயர் பெற்ற கம்பெனி செய்தளித்த இரு கம்பியில்லாக் கருவிகளில், ஒன்று சிப்பாயின் முதுகில் 15 கிலோ அளவு கனத்தது. மற்றொன்று சுமார் இரண்டேகால் கிலோ எடையில் கைக்குள் அடங்கிற்று. இவற்றின் வம்சத்தில் வந்த வாக்கி-டாக்கிகளே பிற்காலத்தில் நம் போலீஸாரின் இடுப்பிலும், ஆலைக் காவலரின் கையிலும் இடம்பெற்றன. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே கயத்தாற்றில் இப்போது காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றாலைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் நிலையமும் அங்கே இருக்கிறது. பல மாடி உயரத்தில் ஏறிப் பழுது பார்ப்பவனுக்கும் தரையில் நிற்பவனுக்கும் இடையே, எண்ணைத் தேடி அழைத்து, மணியடித்துக் காத்திருக்க வேண்டிய கைபேசியைக் காட்டிலும், பொத்தானை அழுத்தியவுடன் பேசும் கருவியே உகந்தது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இக்காலத்தில் அதைத் தேர்ந்தெடுப்பதுதான் சிரமம். திறந்த கரிசல் வெளிக்கு வி.எச்.எஃப். எனப்படும் சற்று நீண்ட அலைகள் ஏற்றவை, சுவர்களும் யந்திரங்களும் நிறைந்த நூற்பாலைக்குள் யு.எச்.எஃப். எனப்படும் குறுகிய அலைகள் மேல். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்து கலக்கும் அறையருகே கொண்டுசெல்வதானால், தீப்பொறி எழாவண்ணம் அமைக்கப்பட்டது என்று முறைப்படி சான்று பெற்ற கருவியன்றி வேறெதுவும் கூடாது. இதில் சிக்கனம் பார்ப்பவர் தொழில் நடத்தத் தகாதவர். 2005-இல் ஐரோப்பியத் தரநிர்ணய நிறுவனம் வெளியிட்ட டி.எம்.ஆர். என்னும் டிஜிட்டல் முறை, 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையைக் காலத்தால் இருகூறாக்கி, அதில் இரண்டு சம்பாஷணைகளை நடத்துகிறது. பேசும்போது ஒலிபரப்பி பாதி நேரமே உழைப்பதால் பாட்டரியும் நீடிக்கிறது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய அனலாக் கருவி எல்லையை நெருங்க நெருங்க இரைச்சலால் எச்சரிக்கும். டிஜிட்டலோ தெளிவாகப் பேசிக்கொண்டே வந்து, எல்லையில் அறிவிப்பின்றி வாயை மூடிக்கொள்ளும். பெட்டியின்மேல் அச்சிட்ட கிலோமீட்டர் கணக்கை நம்பாமல், எந்தக் காட்டில் வேலையோ அதன் கடைக்கோடியில் ஒருவனை நிறுத்திப் பேசிப் பார்த்த பின்னரே விலை பேசுதல் நலம்.

சர்க்காரின் பிடியும் சற்றுத் தளர்ந்திருக்கிறது. 2018-இல் வெளிவந்த விதிகள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு பகுதியில், குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றன. ஏனைய அலைவரிசைகளில் இயங்கும் கருவிகளையும், லைசென்ஸ் வேண்டுமென்று வாங்குபவரிடம் சொல்லாமலே இணையக் கடைக்காரர்கள் விற்றுவந்தபடியால், 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் குறுக்கிட்டு, எந்த அலைவரிசையில் இயங்குவது, லைசென்ஸ் தேவையா என்பவற்றை விற்பனை அறிவிப்பிலேயே தெரிவிக்க வேண்டுமென்று நெறி வகுத்தது.