நாய்க்கு ஆபரேஷன்: மயக்க வாயு கொடுத்தால் பிரஷர் ஏன் இறங்குகிறது?

ஜெயங்கொண்டத்தில் இருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை வேப்பேரிக்கோ நாயை ஆபரேஷனுக்குக் கொண்டு போகிறீர்களா? ஐசோஃப்ளூரேன் என்ற பெயர் காதில் விழலாம். சுவாசம் வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்து இது.

இது ரத்தக்குழாய்களைத் தளர்த்தி விரிக்கும். குழாய் அகலமானால் உள்ளே அழுத்தம் இறங்கத்தானே செய்யும்? மருந்தின் அளவு கூடக்கூட பிரஷர் இன்னும் இறங்கும். பழைய ஹாலோதேன் வேறு மாதிரி. அது இதயம் சுருங்கும் வலுவையே குறைத்தது.

சராசரி அழுத்தம் 60-க்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சும் கிட்னி அடிவாங்குவது இப்படித்தான். அதனால் டாக்டர் முதலில் வாயுவைக் குறைப்பார், டிரிப்ஸைக் கூட்டுவார். அதற்கும் ஏறாவிட்டால் டோபமைன் போன்ற மருந்து.

வாந்தி, வயிற்றுப்போக்கால் நீர்ச்சத்து இழந்த நாய்க்கு ஆபத்து அதிகம், முன்னாடியே சொல்லிடுங்க. "பிரஷர் பார்ப்பீங்களா டாக்டர்?" என்று கேட்பதிலும் தப்பில்லை. காலிலோ வாலிலோ சின்னப் பட்டை கட்டிப் பார்ப்பார்கள்.