பீஸை எடுத்த பிறகும் கண் ஏன் போனது?

நாயாற்றில் வாடி போட்டிருக்கும் ஒரு அண்ணைக்கு 2009இல் இடக் கண்ணில் பீஸ் பட்டது. அதை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் வெளிச்சம் தெரிந்தது, பிறகு திரை விழுந்த மாதிரி மறைந்துபோனது. "பீஸைத்தான் எடுத்தாச்சே தம்பி, பிறகேன் கண் போனது?" என்று கேட்டார். நான் வைத்தியர் அல்ல. அவருடைய கண்ணில் நடந்தது இதுதான் என்று சொல்லவும் முடியாது. ஆனால் இப்படிக் காயப்பட்ட கண்களுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தேடி வாசித்தேன்.

விழித்திரைக்குப் பின்னால் நிறமிக் கலங்கள் ஒற்றை அடுக்காக இருக்கின்றன. (தமிழ்நாட்டில் 'செல்' என்று எழுதுவார்கள். எங்களுக்குச் செல் என்றால் வேறு.) அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, அடியிலுள்ள மென்சவ்வையும் பற்றியிருக்கும். அந்தப் பிடி உள்ளவரை இடம் பெயர்வதில்லை.

இதை ஆராயப் பல ஆய்வுகூடங்கள் வளர்ப்பது ஏ.ஆர்.பி.ஈ.-19 என்ற கலங்களை. வாகன விபத்தில் இறந்த 19 வயது இளைஞர் ஒருவரின் கண்ணிலிருந்து பெறப்பட்டவை. 1996இல் வெளியான ஆய்வுக் கட்டுரை மூலம் அறிமுகமாகி, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

காயத்தின்போது உடல் சுரக்கும் ரி.என்.எஃப். அல்பா, இன்ரர்லூக்கின்-1 பீற்றா, இன்ரர்பெரோன் காமா போன்ற அழற்சி மூலக்கூறுகளை அந்தக் கலங்களின் மேல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு விளைவுகள். கலங்களின் மேற்பரப்பில் ஐ.சி.ஏ.எம்.-1 என்ற ஒட்டுப் புரதம் கூடுகிறது. வெண்குருதிக் கலங்கள் வந்து அதில் ஒட்டிக்கொள்ள, அழற்சி இன்னும் ஏறுகிறது. அதேநேரம், குறிப்பாக ரி.என்.எஃப். அல்பாவால், அயல் கலங்களோடு இருந்த பிடி தளர்கிறது. ஒட்டக்கூடாததோடு ஒட்டு, ஒட்ட வேண்டியதோடு விலகல்.

ரி.ஜி.எஃப். பீற்றாவும் சேர்ந்தால் அவை நிறமிக் கலங்களின் குணத்தையே இழந்து, தழும்பு கட்டும் கலங்களாக மாறி நகரத் தொடங்கும். துளைபட்ட கண்ணில் இவை விழித்திரையின் மேல் படிந்து சவ்வாகும். சவ்வு சுருங்கச் சுருங்க, வலையை இழுப்பதுபோல் விழித்திரையையும் இழுத்துக் கழற்றிவிடும். பீஸ் வெளியே வந்த பிறகும், கிழமைகள் மாதங்களாக இது நடக்கலாம்.

இதைத் தடுக்கவென்று நிலைபெற்ற மருந்து இன்னும் இல்லை, சத்திரசிகிச்சைதான். ரி.என்.எஃப். அல்பாவை மறிக்கும் அடலிமுமாப் 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது வேறொரு கண் அழற்சிக்கு.

அண்ணையிடம் இதைச் சொன்னபோது மற்றக் கண்ணைப் பற்றித்தான் கேட்டார். துளைபட்ட ஒரு கண்ணால், அரிதாக, நல்ல கண்ணிலும் அழற்சி வரலாம். பல வருடங்களுக்குப் பிறகும். மங்கல், சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், மிதக்கும் புள்ளிகள் வந்தால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். பழைய காயத்தையும் சொல்ல வேண்டும்.