தரை மட்டம்: மைசூர் வீடுகள் கூறும் வரலாறு

மைசூர் அரண்மனையைக் காணச் செல்வோர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலுடன்தான் உள்ளே நடக்கவேண்டும். எண்கோண வடிவமான கல்யாண மண்டபத்தை அடைந்ததும் அனைவரும் அண்ணாந்து பார்க்கின்றனர். மேலே வண்ணக் கண்ணாடிகளில் மயில்கள் தோகை விரித்திருக்கின்றன. அக்காட்சி அழகியதே. ஆயினும், கீழே குனிந்து நோக்குவோர் சிலரே. கூரையில் தோன்றும் மயில் கோலம் தரையிலும் தொடர்கிறது. இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட ஓடுகள் அங்கே ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. நூறாண்டுகளுக்கு மேலாக எண்ணற்ற பாதங்கள் அத்தரையின்மீது நடந்திருக்கின்றன.

தரையின் தரத்தை அளந்தறியப் பாதத்தைவிடச் சிறந்த கருவி யாது? கண்ணுக்குப் புலப்படாத மேடு பள்ளம் காலுக்குப் புலப்படும். மேலைநாட்டார் பலர் வீட்டிற்குள்ளும் காலணியோடு நடமாடுபவர்கள். நாமோ வெறுங்காலால் நடப்பவர்கள். ஆதலின், ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டைவிட அரைக்கால் அங்குலம் உயர்ந்திருந்தாலும் நம் விரல் நுனி அதனை உடனே கண்டுகொள்கிறது. முதியோர் காலில் அது இடறுகட்டையாகவே ஆகிவிடுகிறது.

பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பைத் தொடங்கி, அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர் வழங்கிய ஊர் மைசூர். அவ்வூரை முன்னிறுத்தி, வீட்டுத் தரையைப் பற்றிச் சில கூறுவது பொருத்தமே. வெளிமாநிலங்களில் பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பிக்கும் தமிழன்பர்கள் பலருக்கும் இது பயன்படக்கூடும்.

முற்காலத்து வீடுகளில் சாணமிட்டு மெழுகிய மண் தரையே பெரும்பான்மை. வசதி படைத்தோர் இல்லங்களிலும் கோயில்களிலும் கற்பலகைகளைப் பாவினார்கள். எந்த இரு கற்களும் ஒரே கனம் உடையவை அல்ல. எனினும் கல்தச்சருக்கு அதனால் இடர் இல்லை. அடியில் உள்ள சாந்தை ஏற்றியும் இறக்கியும் கல்லை அமர்த்துவார். அதன் பின்னும் ஒரு விளிம்பு துருத்தி நின்றால் உளியால் கொத்திச் சமன் செய்துவிடுவார். பிழையைக் கடைசியில் திருத்திக்கொள்ளலாம் என்பதே கல்தரையின் சிறப்பு.

அடுத்து வந்தது காவித்தரை. மைசூரின் பழைய தெருக்களில் இன்றும் சில இல்லங்களில் அச்செந்நிறத் தரையைக் காணலாம். ஈரச் சாந்தின்மேல் செங்காவி கலந்த பூச்சை இட்டுக் கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது அதன் முறை. கூடம் முழுவதும் ஒரே பரப்பு. இணைப்பு என்பதே இல்லை. இணைப்பு இல்லாத இடத்தில் விளிம்பு ஏது? நாளடைவில் அதில் வெடிப்பு காணலாம். படி போன்ற ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் தோன்றுவதில்லை.

இங்கிலாந்திலோ வரலாறு வேறு வழியில் சென்றது. ஈரக் களிமண்ணைப் பிசைந்து சுட்ட ஓடு உலரும்போது சுருங்கும், சூளையில் வளையும். இக்குறையைக் களைய ரிச்சர்டு பிராசர் என்பவர் 1840-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண்ணைத் தூளாக்கி, அத்தூளை அச்சில் இட்டு இயந்திரத்தால் அழுத்துவதே அம்முறை. நீர் குறைவாதலின் சுருக்கமும் குறைவு. மின்டன் ஆலையார் இதனைக் கைக்கொண்டனர். ஒரே அளவும் ஒரே கனமும் கொண்ட ஓடுகளைப் பெருந்தொகையாகச் செய்ய இயன்றது. அவை கப்பலேறி நம் நாட்டு மாளிகைகளுக்கும் வந்து சேர்ந்தன.

மைசூரின் பழைய அரண்மனை மரத்தாலானது. 1897-இல் ஓர் அரச திருமணத்தின்போது அது தீக்கிரையாயிற்று. பட்டத்துக்குரிய நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சிறுவர். அவர் சார்பில் ஆட்சி நடத்திய அன்னையார் வாணிவிலாச சன்னிதானம் புதிய அரண்மனையை எழுப்ப ஆணையிட்டார். சென்னையில் பல அரசாங்கக் கட்டடங்களை உருவாக்கிய ஹென்றி இர்வின் அதற்கு வரைபடம் வகுத்தார். 1912-இல் 41 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் பணி முற்றுப்பெற்றது. மரம் இருந்த இடத்தில் கல்லும் செங்கல்லும் இரும்பும் வந்தன. தரைக்கு அயல்நாட்டு ஓடு வந்தது. இதற்கிடையில், 1903-இல் மைசூரில் நகர அபிவிருத்திக் குழு அமைந்தது. கொள்ளைநோய் கண்ட நகரில் அகன்ற தெருக்களும் காற்றோட்டமான மனைகளும் கொண்ட புதிய பேட்டைகள் வளரலாயின.

இந்தியாவில் 1914-இல் போர்பந்தரில் சிமெண்டு உற்பத்தி தொடங்கியது. அதன் பயனாக நம் நாட்டிலேயே தரை ஓடு செய்யும் தொழில் தழைத்தது. 1922-இல் பம்பாயில் பாரத் நிறுவனம் சுதேசி நோக்கத்தோடு சிமெண்டு ஓடு செய்யத் தொடங்கியது. நம் காரைக்குடிக்கு அருகில் ஆத்தங்குடியில் கையாலேயே பூக்கற்களைச் செய்கின்றனர். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவதால் கல்லின் முகம் கண்ணாடிபோல் சமமாக அமைகிறது. சூளையில் இடாமல் நீரில் ஊறவைப்பதால் அது வளைவதும் இல்லை. கனம் சற்று வேறுபட்டாலும், அடியில் இடும் தடித்த கலவை அதனை ஈடு செய்துவிடும். பின்னர் வந்த மொசைக் தரையிலோ, ஓடுகளைப் பதித்த பிறகு சாணைக்கல் பொருந்திய இயந்திரத்தால் மும்முறை தேய்ப்பார்கள். மேடாக நின்ற விளிம்புகள் யாவும் அத்தேய்ப்பிலேயே மறைந்துபோகும்.

இக்காலத்து ஓட்டின் நிலை யாது? அது அளவில் பெரியது, கனத்தில் மெல்லியது, கடுஞ்சூட்டில் வெந்தது, மேலே கண்ணாடிப் பூச்சு கொண்டது. அதனைத் தேய்த்தால் பூச்சு போய்விடும், கொத்தினால் உடைந்துவிடும். கல்தரையும் மொசைக்கும் பிழையைக் கடைசியில் திருத்த இடம் கொடுத்தன. புதிய ஓடு அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. திருத்தும் வேளை வேலையின் முடிவிலிருந்து தொடக்கத்திற்கு நகர்ந்துவிட்டது. இதனை உணராமையே இன்றைய தரைகளின் குறைகளுக்குப் பெருங்காரணம் என்று கூறலாம்.

இவ்வுண்மையை நாம் பட்டுத்தான் அறிந்தோம். மைசூரில் நாம் குடியிருந்த பழைய இல்லத்தின் கூடத்தில் காவித்தரை வெடித்திருந்தது. தசராவுக்குள் வேலை முடியவேண்டும் என்று அவசரப்படுத்தினோம். ஒப்பந்தக்காரர் பழைய தரையின்மீதே பெரிய ஓடுகளைப் பதித்து, பத்தே நாளில் பளபளப்பாக்கித் தந்தார். கொலுவின் மூன்றாம் நாள் மாலை, விளக்கேற்ற வந்த எம் அன்னையார் ஓர் ஓட்டின் விளிம்பு தடுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்று முதல் அவர் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கலானார். சொந்த வீட்டில் ஒருவர் சுவரைப் பிடித்து நடப்பதைக் காண்பது எத்துணைத் துயரம்! பின்னர் ஓர் ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று என ஐந்து கலவை உருண்டைகள் மட்டுமே இருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் பொள்ளல். பழைய தரையும் நடுவில் தாழ்ந்திருந்தது.

வராமல் காக்கும் வழியை முதலில் காண்போம். ஓட்டைத் தேர்வதற்கு முன் அடித்தளத்தைச் சோதிக்கவேண்டும். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான மட்டப்பலகையைத் தரையில் பல திசைகளிலும் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால், மேட்டைக் கொத்தியும் பள்ளத்தைக் கலவையால் நிரப்பியும் சமன் செய்தபின்பே ஓடு பதிக்கவேண்டும். வழுவழுப்பான காவித்தரையில் புதுக் கலவை பற்றாது. அதனைக் கொத்திச் சொரசொரப்பாக்குவது அவசியம். பழைய தரைமேல் புதுத்தரை ஏறினால் கதவின் அடி தட்டும், நிலைப்படியின் உயரம் மாறும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுதல் நன்று.

அடுத்து, பெரிய ஓடுகளில் பல நடுவில் மிகச் சிறிதளவு குமிழ்ந்திருக்கும். செங்கல் வரிசைபோல் பாதிக்குப் பாதி மாற்றிப் பதித்தால், ஓர் ஓட்டின் உயர்ந்த நடுப்பகுதி அடுத்த ஓட்டின் தாழ்ந்த முனையோடு சேரும். விளிம்பு தானே எழும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதிருப்பதே முறை. வாங்கும்போதே இரண்டு ஓடுகளை முகத்தோடு முகம் சேர்த்து வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, ஒட்டுக்கலவையைப் பல் வைத்த கரணையால் முழுப்பரப்பிலும் இழுத்துவிட வேண்டும். உருண்டை வைப்பது கூடாது. ஓடுகளுக்கிடையே இணைப்பு இடைவெளியும், சுவரோரத்தில் சிறு இடைவெளியும் விடவேண்டும். சுவரோர இடைவெளியை அடிப்பட்டை மறைத்துவிடும். வெயிலில் விரியும் ஓடுகளுக்கு இடமில்லையேல், அவை ஒன்றையொன்று நெருக்கிக் கூடாரம்போல் மேலெழும். இப்போது ஓட்டு விளிம்புகளை ஒருமட்டமாகப் பிடித்து நிறுத்தும் கிளிப்பும் ஆப்பும் கடைகளில் கிடைக்கின்றன. அவை நல்ல துணையே. ஆயினும் கோணலான அடித்தளத்தை அவற்றால் நிமிர்த்த இயலாது.

குளியலறையில் மட்டம் மட்டும் போதாது, வாட்டமும் வேண்டும். மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சரிவு வடிகாலை நோக்கி இருத்தல் நலம். நான்கு புறமும் சரியும் தரைக்குப் பெரிய ஓடு வளைந்து கொடாது. அங்கே சிறிய ஓடுகளே பொருந்தும்.

குறை நேர்ந்துவிட்டால் செய்வது என்ன? முதலில் ஒரு நாணயத்தாலோ மரக்கட்டையாலோ தட்டிப் பாருங்கள். ஓசை பொள்ளென்று கேட்டால் அடியில் வெற்றிடம் உண்டு. சில ஓடுகளில் மட்டும் குறை காணப்பட்டால், சுற்றியுள்ள இணைப்புப் பூச்சை முதலில் சுரண்டி எடுக்கவேண்டும். பிறகு ஓட்டின் நடுவிலிருந்து வெளிநோக்கி உடைக்கவேண்டும். விளிம்பிலிருந்து தொடங்கினால் அண்டை ஓடும் கெடும். பழைய கலவையை அடிவரை சுரண்டிய பின்னரே புதிய ஓட்டைப் பதித்து, அண்டை ஓடுகளின்மேல் மட்டப்பலகையை வைத்துச் சரிபார்க்க வேண்டும். குறைந்தது ஒரு நாளேனும் அதன்மீது நடத்தலாகாது. மொசைக், பூக்கல், கல் ஆகியவற்றில் உயர்ந்த விளிம்பைத் தேய்த்தே சமன் செய்யலாம். கூடம் முழுவதும் பொள்ளென்று ஒலித்தாலோ, ஒட்டுப்போட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளாது, அடித்தளத்திலிருந்தே தொடங்குவதுதான் அறிவுடைமை. நாமும் இறுதியில் அவ்வாறே செய்தோம்.

கன்னட நாட்டில் மேஸ்திரியிடம் இதையெல்லாம் எப்படி எடுத்துச் சொல்வது என்று அன்பர்கள் தயங்கவேண்டியதில்லை. நாம் ‘மட்டம்’ என்பதை அவர்கள் ‘மட்ட’ என்கிறார்கள். வேலை நடக்கும்போதே மட்டப்பலகையைக் கேட்டு வாங்கி வைத்துப் பாருங்கள். நல்ல தொழிலாளி அதற்கு வருந்தமாட்டார், மகிழ்வார். ஒவ்வொரு நாள் மாலையிலும், முந்திய நாள் பதித்து இறுகிய பகுதியில் வெறுங்காலுடன் ஒருமுறை நடந்து பாருங்கள். நாளைக்கு ஊரிலிருந்து வரும் பெற்றோர் நள்ளிரவில் விளக்கில்லாமல் நடக்கப்போவதும் அதே தரையில்தான் அல்லவா?