அமுங்கி எழும் வார்த்தைகள்

அமுக்கினால் அமுங்க வேண்டும். கையை எடுத்தால் பழையபடி எழும்ப வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணை, புதிதாகச் சுட்ட ரொட்டி, குழந்தையின் கன்னம் எல்லாம் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. தமிழில் 'மெத்தென்று' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். 'மெத்து மெத்தென்று' என்று இரட்டித்துவிட்டால் இன்னும் விசேஷம். அந்த வார்த்தைக்குள் எந்தப் பண்டமும் இல்லை. தொட்ட விரலின் அனுபவம் மட்டுமே இருக்கிறது.

ஆங்கிலேயர்கள் இந்த விஷயத்தில் வேறு பாதையில் போயிருக்கிறார்கள். மெத்தென்றிருப்பதைச் சொல்ல அவர்களிடம் ஒரு டஜன் பதங்களுக்குக் குறைவில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு அகராதி படிப்பது பொழுதுபோக்கு; எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. படிக்கப் படிக்கத் தெரிவது என்னவென்றால், அந்தப் பதங்களில் பலவற்றுக்குள் ஒரு பொருளோ ஒரு செயலோ குடியிருக்கிறது.

'ஸ்பாஞ்ஜி' என்பதற்குள் இருப்பது ஒரு கடல் பிராணி. கிரேக்கர்கள் குளிப்பதற்கும் துடைப்பதற்கும் உபயோகித்த அதன் கூடு, பெயரோடு லத்தீனுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்து சேர்ந்தது. 'டௌனி' என்பது பறவையின் உள்தூவி. ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த சொல். 'ஸ்பிரிங்கி' என்பதற்குள் ஒரு துள்ளல் இருக்கிறது. தரையிலிருந்து துள்ளும் ஊற்றும், செடிகள் துளிர்த்து எழும் வசந்தமும், கட்டிலில் இருக்கும் சுருள்கம்பியும் அவர்களுக்கு ஒரே 'ஸ்பிரிங்'தான். 'பௌன்ஸி'யின் தாயான 'பௌன்ஸ்' 13-ஆம் நூற்றாண்டில் அடிப்பதையும் மொத்துவதையும் குறித்தது. பந்து துள்ளுவதைக் குறிக்க ஆரம்பித்தது 16-ஆம் நூற்றாண்டில்தான். அடி வாங்கினால் துள்ளத்தானே வேண்டும்!

இவற்றில் 'எலாஸ்டிக்' மட்டும் பண்டிதர்கள் பெற்ற பிள்ளை. 1651-ல் ழான் பெக்கே என்ற பிரெஞ்சு உடற்கூற்று அறிஞர், 'தள்ளுவது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீனில் இதைச் செய்தார். இன்று எலாஸ்டிக் என்றால் நமக்குக் கால்சட்டை நாடா ஞாபகம் வருகிறது. ஆனால் அந்தச் சொல் முதலில் வர்ணித்தது காற்றை! ராபர்ட் பாயில் 1660-ல் காற்றின் 'ஸ்பிரிங்'கைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாத காற்றைப் படிப்பவர்களுக்கு எப்படிக் காட்டுவது? அவர் ஆட்டு ரோமத்தைக் காட்டினார். கையில் பிடித்து நெருக்கினால் ரோமம் சுருங்குகிறது, விட்டால் விரிகிறது. காற்றும் அப்படித்தான் என்றார். பெரிய விஞ்ஞானிக்கும் கடைசியில் உவமைதான் துணை நின்றது.

இனி ரப்பர். என் மனத்தை உறுத்துவது இந்தச் சொல்தான்.

மத்திய அமெரிக்காவின் ஆதிக்குடிகள் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே மரத்துப் பாலைக் கெட்டிப்படுத்திப் பந்து செய்து விளையாடினார்கள். 1528-ல் கோர்ட்டெஸ் அந்த ஆட்டக்காரர்களை ஸ்பெயின் அரசவைக்கு அழைத்துப் போனபோது, பந்தின் துள்ளலைக் கண்டு ஐரோப்பியர்கள் வியந்தார்கள். பூமியின் வடிவத்தை அளக்கத் தென்னமெரிக்கா போன லா கொந்தமீன் என்ற பிரெஞ்சுக்காரர், 1736-ல் இந்தப் பொருளின் மாதிரியைப் பாரிஸுக்கு அனுப்பினார். அந்நாட்டுக் குடிகள் அதற்கு வைத்திருந்த பெயரை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'காவூச்சூக்' என்கிறார்கள்.

லண்டனில் நடந்தது வேறு. 1770-ல் ஜோஸப் பிரீஸ்ட்லி, பென்ஸில் கோட்டை அழிக்க மிகவும் ஏற்ற பொருள் ஒன்று வந்திருப்பதாக எழுதினார். கருவி வியாபாரி எட்வர்ட் நேர்ன் அரை அங்குலக் கட்டி ஒன்றை மூன்று ஷில்லிங்குக்கு விற்றார். தேய்ப்பதற்கு இங்கிலீஷில் 'ரப்', தேய்ப்பது 'ரப்பர்'. அமெரிக்கப் பகுதிகளை 'இண்டீஸ்' என்று அழைத்த பழைய வழக்கத்தால் 'இந்தியா ரப்பர்' என்றும் ஆயிற்று. மரம் இந்தியாவைச் சேர்ந்ததல்ல. பெயர் மரத்தைச் சேர்ந்ததல்ல. ஒரு மகத்தான பண்டத்துக்கு, குமாஸ்தாவின் மேஜையில் அது செய்த சில்லறை வேலையே பெயராக நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த மேஜையில் அது அடங்கியிருக்கவில்லை. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடாக்கினால் ரப்பர் வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று 1839-ல் கண்டுபிடித்தார். 1844-ல் காப்புரிமையும் பெற்றார்; 1860-ல் கடனாளியாகவே இறந்தார். 1888-ல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. பாயிலின் 'எலாஸ்டிக்' காற்று ரப்பருக்குள் புகுந்துகொண்டது என்று சொல்லலாம். உலகம் மெத்தென்று பயணம் செய்யத் தொடங்கியது.

அந்த மெத்துக்கு யாரோ விலை கொடுத்தார்கள். பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்த ஆட்சியில் 1885 முதல் 1908 வரை இருந்த காங்கோவில், காட்டு ரப்பர் போதிய அளவு கொண்டுவராத கிராமங்கள் கொளுத்தப்பட்டன, கைகள் வெட்டப்பட்டன. ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1904-ல் வெளிவந்த பிறகே உலகம் விழித்தது.

1876-ல் ஹென்றி விக்ஹாம் பிரேஸிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்த கன்றுகள் அதே வருஷம் இலங்கைக்கும், அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கும் போயின. பிறகு மலேயாவில் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டினார்கள். விடிவதற்கு முன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். அந்த இருட்டில் கத்தியோடு மரம் மரமாக நடந்தவர்களில் நம் ஜனங்கள் ஏராளம்.

அவர்களும் ஒரு பெயர் வைத்தார்கள். 'பால்மரம்' என்றார்கள், தங்கள் வேலையைப் 'பால் வெட்டு' என்றார்கள். காயம் பட்ட மரத்தையும் கறவைப் பசுவையும் ஒன்றாகப் பார்க்கும் மனசு அந்தப் பெயரில் இருக்கிறது.

இங்கிலீஷில் பிற்பாடு 'ரப்பரி' என்று ஒரு பெயரடை பிறந்தது. மெல்ல முடியாத இறைச்சித் துண்டைச் சமையற்காரன் பரிமாறினால், தட்டைத் தள்ளிவைத்து அவர்கள் சொல்லும் வார்த்தை அது. அதற்குள்ளும் ஒரு செயல் இருக்கிறது, பென்ஸில் கோட்டைத் தேய்த்து அழித்த செயல். மரத்தை வெட்டிப் பாலெடுத்த கைகளைத் தேடி அகராதியைப் புரட்டிப் பாருங்கள். அந்த இடம் சுத்தமாகத் தேய்த்துவிடப்பட்டிருக்கிறது.